நி... நி... நில்லு

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. முட்டுக்காட்டில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரும் இடத்தில் குதிரைகளைக் கவனிப்பது என் வேலை. என் மகள் செல்விக்குத் திக்குவாய். பள்ளியில் வாயே திறக்கமாட்டாள். ஞாயிறு வகுப்பில் ராணி என்ற குதிரையோடு மட்டும் ஓயாமல் பேசுவாள்.

பக்கத்து வீட்டு முருகேசனுக்கு அவளைக் கண்டாலே கேலிதான். "இன்னா பாப்பா, டேப்பு சிக்கிகிச்சா?" என்பான். கூச்சக்காரனான நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

வகுப்பின் ஆண்டுவிழாவுக்கு எங்கள் தெருவே வந்திருந்தது. முருகேசன் போட்டோ எடுக்க ராணிமேல் ஏறினான். வெயிலில் நின்றிருந்த ராணி அவனோடு நேராக உப்பங்கழிக்குள் இறங்கிவிட்டது.

"நில்லு! ஏய், நில்லு!" என்று அலறினான். அது நிற்கவில்லை. தண்ணீர் அவன் முழங்காலைத் தொட்டது.

"யோவ், வந்து புடிய்யா!"

நான் ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

"எம் பொண்ணு சொல்ற மாதிரி சொல்லு அண்ணாத்த. அதுக்கு அந்தப் பேச்சுதான் தெரியும்" என்றேன்.

அது பொய்யில்லை. ராணியைப் பழக்கியவள் செல்வி.

தெருவே பார்க்க அவன் சொன்னான்: "நி... நி... நில்லு!"

ராணி சட்டென்று நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. கரையோரம் போய், அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகக் கேட்டாள்: "இ... இன்னா மாமா, டே... டேப்பு சிக்கிகிச்சா?"

பழி தீர்த்தது நான்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கேள்வியை எவ்வளவு காலம் மனதில் வைத்திருந்தாளோ! இன்றும் அதை நினைத்தால் என் வயிறு குளிர்கிறது.