ஓரகத்தியின் மழைக் கணக்கு

பாரூர் ஏரிக் கால்வாய் எட்டாத மேட்டு நிலம் எங்களுடையது. மழையை நம்பித்தான் நிலக்கடலை விதைப்போம். எந்த நாளில் விதைப்பது என்று முடிவு செய்பவர் என் மாமனார். அதற்கு அவர் யாரைக் கேட்பார் என்பதுதான் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. என் கணவரின் அண்ணன் மனைவியைத்தான் கேட்பார்.

நான் எட்டாம் வகுப்பு முடித்தவள். ஓரகத்தி அக்காவோ மூன்றாவதோடு நின்றவர். அவருடைய அப்பா பயணியர் விடுதிக் காவலராக இருந்து தினமும் மழை அளந்தவராம். விவசாய இலாகாக்காரர் எங்கள் கொல்லையில் மழைமானி நட்டபோது, அளக்கும் வேலை அக்காவிடம் போயிற்று. நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே நோட்டு பாதி நிறைந்திருந்தது. காலை எட்டு மணிக்கு, அதில் சேர்ந்திருக்கும் நீரை அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து எழுதுவார். பழைய பக்கங்களைப் புரட்டி ஒரு கணக்கும் கண்டுபிடித்திருந்தார்: ஆடியில் ஒரே மழையாக ஒன்றேகால் அங்குலம் விழுந்தால் விதைக்கலாம், அதற்குக் குறைவாக இருந்த வருஷங்களில், அடுத்த மழைக்குள் முளை கருகியிருக்கிறது.

என் படிப்பு நாத்தனாருக்குக் கடிதம் எழுத மட்டும்தான் உதவியது.

அந்த ஆடியில் என் குழந்தைக்கு ஐந்து மாதம். துணிக்கொடி அறுந்துபோனதால், மழைமானியைச் சுற்றியிருந்த வேலிக் குச்சியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிக் குழந்தையின் துணிகளைப் போட்டேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குழந்தை அழுததில் துணிகளை மறந்தேன். காலை எட்டு மணி வாக்கில் எடுக்கப் போனபோது, மூன்று துணிகளின் நுனிகளும் மழைமானியின் புனலுக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தன.

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் துணிகளை உள்ளே போட்டுவிட்டு வருவதற்குள் அக்கா அளந்துவிட்டார்.

"ஒண்ணு நாப்பது அங்குலம், மாமா!"

"அப்ப ஏர் கட்டிட வேண்டியதுதான். பெரியவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கணக்கு ஒருமுறை தப்பட்டுமே என்று தோன்றியது. மேல் மண் எப்படியும் ஈரமாகத்தான் இருக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளே போய் விதைக் கூடையைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் நான்கு நாள் உட்கார்ந்து உரித்த கடலை. வீட்டில் வேறு விதை இல்லை. துணியில் சொட்டியது அவ்வளவு இருக்குமா? ஒருவேளை கொஞ்சம்தானோ? சொன்னால் பொறாமையில் சொல்கிறாள் என்பார்களோ? மாடுகளை அவிழ்க்கும் சத்தம் கேட்டதும் வெளியே ஓடினேன்.

"மாமா, அந்த அளவு தப்புங்க. கொழந்தைத் துணி மேல தொங்கி, தண்ணி அதுக்குள்ள சொட்டிச்சு."

மாமனார் நுகத்தடியைக் கீழே வைத்தார். "ஏம்மா, மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"எத்தன துணி?"

"மூணுக்கா."

"தொவச்சதா, தொவைக்காததா?"

"தொவச்சதுதான்க்கா."

"அதுவரைக்கும் பொழச்சோம். இல்லன்னா உன் மவன் பேஞ்சதையும் நான் நோட்டுல ஏத்தியிருப்பேன்."

மாமனாரே சிரித்துவிட்டார். அக்கா அந்த எண்ணை அடித்துவிட்டு மாமனாரிடம், "இத நம்பி வெதைக்க வேணாங்க, மாமா. காத்திருக்கலாம்" என்றார்.

ஏர் கட்டவில்லை. அடுத்த நாளே பெருமழை வந்துவிட்டால், வீணாக விதைப்பைத் தடுத்தாள் என்று சொல்வார்களோ என்று தினமும் வானத்தைப் பார்த்துப் பயந்தேன். மழை வரவில்லை. அன்று விதைத்த பக்கத்து நிலத்துக்காரர்களின் முளைகள் தலை காட்டிக் கருகின. அதைப் பார்த்து எனக்குள் எழுந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. பிறகு ஒருநாள் உண்மையாகவே ஒன்றேமுக்கால் அங்குலம் பெய்தது, விதைத்தோம், கொடி நன்றாகப் பிடித்தது.

களையெடுக்க வந்த பெண்களிடம் மாமனார் பெருமையாகச் சொன்னார்: "எங்க பெரியவ நோட்டப் பாத்து நிறுத்தினா. அதனாலதான் வெத தப்பிச்சுது."

அக்கா தலையை நிமிர்த்தி, "சின்னவ சொன்னதாலதான், மாமா" என்றார். அதையும் அவரே சொல்லிவிட்டாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.