மாடிக்குப் போன வரைபடம்

கட்டட வரைபடம் வரையும் அந்த ஆபீசில் கோடு அக்காவுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவள் போட்ட கோட்டில் குறை கண்டுபிடிக்க முடியாது என்பதால் வந்த பெயர். முதலாளியான இன்ஜினியர் மட்டும் சிவப்புப் பேனாவைத் திறந்தால் ஒரு திருத்தமாவது போடாமல் மூட மாட்டார். அக்காவும் சண்டை பிடிக்காமல் ஒன்றையும் ஏற்றதில்லை.

வினை முழங்காலில் வந்தது. மாடி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கீழே வரவேற்பறையில் அவளுக்குத் தற்காலிகமாக ஒரு மேஜை போட்டார்கள். ஆனால் வரைபடம் அச்சிடும் பெரிய பிரிண்டர் இருப்பது மாடியில். வரைந்ததைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அவளே ஏறினாள். மூன்றாம் நாள் இன்ஜினியர் கண்ணில் பட்டுவிட்டாள்.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்கம்மா. கால்தான் முக்கியம்" என்றார்.

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அக்காவுக்குத் தெரியும்: அப்படி வீட்டுக்குப் போன யாரையும் ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டதில்லை. கீழிருந்தே நேராக பிரிண்டருக்கு அனுப்ப வழி செய்கிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள்.

பிரிண்டர் விற்ற கடையிலிருந்து ஒருவர் வந்து கேபிள் இழுத்தார். பிரிண்டருக்கான நெட்வொர்க் எண்ணை அவள் கணினியில் பதிந்தார். அனுப்பியதும் மேலே தாள் வந்தது. மறுநாள் காலையில் வரவில்லை. திரும்ப வந்து சரிசெய்தார், அடுத்த நாளும் அதே கதை. கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று கையை விரித்தார். வயது என்றதும் அக்காவுக்குச் சுருக்கென்றது.

மேலே தாள்களை மடித்து அடுக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு, பிரிண்டர் திரையில் தெரியும் எண்ணைப் படிக்கச் சொன்னாள். நேற்று அவள் கணினியில் பதிந்தபோது இருபத்து மூன்றில் முடிந்த எண் இன்று முப்பத்தொன்றில் முடிந்தது. துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. கரண்டை மிச்சம் பிடிக்கும் புண்ணியவானான அந்த அண்ணன்தான் தினமும் மாலையில் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போகிறார். காலையில் எழுந்திருக்கும் பிரிண்டர் புது எண் வாங்கிக்கொள்கிறது.

கடைக்காரரை மறுபடி வரவழைத்தாள். "தினம் வீடு மாத்திக்கிட்டே இருந்தா தபால் எப்படி வந்து சேரும் தம்பி? ஒரே நம்பரை நிரந்தரமாக் குடுத்திடுங்க."

கொடுத்தார். மறுநாள் காலை அக்கா அனுப்பியது வாடிக்கையாளர் வீட்டின் படம் அல்ல. அதே வரவேற்பறையின் படம். ஜன்னலோரம் அவள் மேஜை, நாற்காலி, கால் நீட்டி வைக்க ஆறு அங்குல உயரத்தில் ஒரு பலகை, எல்லாம் அளவோடு. மேலே பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. அக்கா நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டாள்.

இன்ஜினியரே தாளோடு இறங்கி வந்து மேஜைமேல் விரித்தார். கால் பலகையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'இரண்டு அங்குலம் உயர்த்தவும்.' கீழே கையெழுத்து.

"தச்சர் மதியம் வர்றார். அளவை நீங்களே சொல்லிடுங்கம்மா."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறை எட்டாக்கி மறுபடி மாடிக்கு அனுப்பினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் சண்டை போடாமல் ஏற்ற முதல் திருத்தம் அது.