எரியவிட்டுப் பார்த்த லேப்டாப்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். லீவு லெட்டரும் நலம் விசாரிக்கும் கடிதமும் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவும் வராது. அப்படிப்பட்டவன் பேனா எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் எங்காவது எழுதி வைக்காவிட்டால் மனசு ஆறாது போலிருக்கிறது.

சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத்து லாம்ப் ரூமில் எனக்கு வேலை. கீழே இறங்கும் ஆட்கள் தொப்பியில் விளக்கும் இடுப்பில் அதற்கான பேட்டரியும் கட்டிக்கொண்டு போவார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அவற்றை வாங்கி, துடைத்து, சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். சில பேட்டரி சார்ஜில் இருக்கும்போது பளிச்சென்று எரியும். கீழே வேலை நடக்கும் லெவலுக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் மங்கிவிடும். அந்த ஆள் இருட்டில் நிற்க வேண்டியதுதான். அதனால் சந்தேகப்பட்ட பேட்டரியைப் பெஞ்சின்மேல் வைத்து ஒரு ஷிப்ட் முழுக்க எரியவிட்டுப் பார்ப்போம். விளக்கு அணைந்த நேரத்தைச் சாக்பீஸால் அதன்மேலேயே எழுதுவோம். அணைந்தால் செத்தது. மறு பேச்சு கிடையாது.

என் மகள் அப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். இரண்டாயிரமாவது ஆண்டு. விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி திரும்புவாள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். கடைசி வருஷத்தில் ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டுமாம். மூன்று பெண்கள் சேர்ந்து செய்வது. மற்ற இரண்டு பேரும் ஹாஸ்டல்காரர்கள், அவரவர் பங்கை முடித்துவிட்டார்கள். இவள் பங்கு பாதியில் நின்றது. காலேஜ் லேபை நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் இவளுடைய புரோகிராம் ஓடவில்லை. பத்து நாளில் முடிக்காவிட்டால் வருஷம் போய்விடும்.

"ரயில்ல சும்மாதான்பா ஆறு மணி நேரம் உக்காந்துனு கீறேன்" என்றாள் ஒருநாள். "லேப்டாப் ஒண்ணு இருந்தா அங்கயே முடிச்சிடுவேன்."

புதுசு வாங்க எங்களால் ஆகாது. பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு மாடிக் கடையில், கம்பெனிகள் கழித்துவிட்ட பழசை விற்கிறார்கள் என்று அவள் சிநேகிதி சொன்னாளாம். ரயிலில் பிளக் பாயின்ட் கிடையாது. ஆகவே பேட்டரி தாக்குப்பிடித்தால்தான் அந்தப் பொருள் எங்களுக்குப் பொருள். இதை நான் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். மேஜையில் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளி நிறம், மெல்லியது, பார்க்க அழகு. இன்னொன்று கறுப்பு. செங்கல் மாதிரி கனம். மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. நான் இரண்டு மூடியையும் பல தடவை திறந்து மூடினேன். மெல்லியதின் கீல் கொஞ்சம் ஆடியது. கறுப்பு, எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நின்றது. மகள் தன் பையிலிருந்து பிளாப்பி எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மெல்லியதற்கு பிளாப்பி போடும் பெட்டி தனியாக ஒரு ஒயரில் தொங்கியது. ரயில் கூட்டத்தில் மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒயரை என்ன செய்வது என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

"சாருக்கு எது புடிச்சிருக்கு? பேகா, சீக்கிரம் முடிங்க, நானும் ஊட்டாவுக்குப் போகணும்" என்றார் கடைக்காரர். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

நான் இரண்டு சார்ஜர் ஒயரையும் காட்டினேன். "ரெண்டையும் ஒயரைப் புடுங்கிட்டு வெச்சிப் பார்க்கலாங்களா? எவ்ளோ நேரம் நிக்குதுன்னு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு ரெண்டு மணி நேரம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், லேப்டாப் வாங்க வந்தீங்களா, கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு எடுக்க வந்தீங்களா?"

பக்கத்து மேஜையில் ஸ்குரூ கழற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, அரை மணி போதும்பா" என்றாள் மெதுவாக.

"நீ சும்மா இரு." அவ்வளவு கடுமையாக அவளிடம் நான் பேசியதே இல்லை.

கடைக்காரர் இரண்டு ஒயரையும் பிடுங்கினார். மணி மூன்று பத்து. "விட்டுப் போறது உங்க ட்ரெயின், என்து இல்ல" என்றார். எங்களுக்கு ஆறு மணிக்கு ரயில். மெல்லியதில் கலர் மீன்கள் நீந்துகிற ஒரு படத்தை ஓடவிட்டார். கறுப்பில் வெறும் வெள்ளைப் பக்கம்.

கொஞ்ச நேரம் கழித்து மகள், சிநேகிதியிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புதான் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். மூன்று முப்பதுக்கு அதன் திரை அப்படியே இருண்டுவிட்டது.

இருபது நிமிஷம். இதை வைத்துக்கொண்டு எங்கள் ஊரிலிருந்து பங்காருப்பேட்டை வரைகூடப் போக முடியாது.

"செத்துப் போச்சு" என்றேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம், "நான் அப்பவே நெனச்சேன். இதை எடுத்துக்கோங்க, பொண்ணுக்கு அழகா இருக்கும்" என்று மெல்லியதைக் காட்டினார். மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? "சரிங்க" என்றேன். அவர் மீன்களை நிறுத்தி, அதை மூடி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். கறுப்பின் ஓரத்தில் கடுகளவு பச்சை வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. அதையும் நான் பார்த்தேன். எங்கள் விளக்கில் அப்படி ஒன்று இல்லாததால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

பில் புத்தகத்தை அவர் திறந்தபோது மகள் மாடி ஏறி வந்தாள். "அது இன்னா ஆச்சு?"

"செத்துப் போச்சும்மா. இருபது நிமிஷம்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கறுப்பைப் பார்த்தாள். ஒரு விரலால் ஏதோ ஒரு பட்டனைத் தொட்டாள். திரை எரிந்தது. அதே வெள்ளைப் பக்கம்.

ஸ்குரூ கழற்றியவர் கையை நிறுத்திவிட்டார்.

"படம் எதுவும் ஓடாம, யாரும் தொடலன்னா அதுவே அணைச்சிக்கும்பா. கரென்ட் மிச்சம் பண்றதுக்கு" என்றாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்களுக்குத் தெரியாதா?"

"உங்க அப்பா செத்துப் போச்சுன்னார்மா. நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லலதான். அதை வெளிய எடுங்க. மறுபடி ஆன் பண்ணுங்க."

"மேடம், பில் போடற நேரத்துல..."

"எடுங்கண்ணா." அவள் மேஜைமேல் வைத்த கையை எடுக்கவில்லை. என் மகளுக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

அவர் ஜிப்பை இழுத்து வெளியே எடுத்தார். மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவ்வப்போது கறுப்பில் ஒரு பட்டனைத் தட்டினாள். நான் அவள் பின்னால் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. நாலு ஐந்துக்கு, 'டிக்' என்று ஒரு சத்தம். மீன்கள் போய்விட்டன. அவள் தட்டிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "பேட்டரிக்கு கேரன்டி யாரும் தர மாட்டாங்க" என்றார் சுவரைப் பார்த்து.

ஐந்து பத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கறுப்பு எரிந்துகொண்டிருந்தது. இன்னும் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. மகள் கடிகாரத்தைக் காட்டினாள். பில் வாங்கி, பையை என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தோம். கடைசிப் பெட்டியில்தான் ஏற முடிந்தது. கதவருகே ஒரு தூக்குச் சட்டி இடித்தது, ஒருவர் முழங்கை இடித்தது. கிருஷ்ணராஜபுரம் வரை பையை இறக்கி வைக்க இடமில்லை.

உட்கார இடம் கிடைத்த பிறகு அவள் கேட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா. நான் கீழதானே இருந்தேன்."

"கண்ணால பார்த்தேன்மா" என்றேன்.

"ஐஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தா அதைத்தான் தூக்கினு வந்திருப்போம்."

மாலூரில் ஒருவர் கடலை விற்றுக்கொண்டு வந்தார். வாங்கினேன், அவள் தின்னவில்லை. பை என் மடியில் கனத்தது. இத்தனை கனத்தை அவள் தினமும் தூக்க முடியுமா என்று அப்போதுதான் யோசித்தேன்.

மறுநாள் விடியற்காலை ரயிலில் அவள் அதை எடுத்துப் போனாள். பெங்களூரை நெருங்கி, ஒயிட்பீல்டு தாண்டித்தான் பேட்டரி தீர்ந்ததாம். அதற்குள் அவள் பங்கில் ஒரு பகுதி முடிந்திருந்தது. நான் முதல் ஷிப்டுக்குப் போனேன்.