மடியில் வாங்கிய பை

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பையை நான் திறந்து பார்த்தேன்.

அவள் நம்பிக் கொடுத்த பை. ஓடும் பேருந்தில் நானே கையை நீட்டிக் கேட்டு, வாங்கி, மடியில் வைத்துக்கொண்ட பை! திருடுவதற்காகத் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்... அவ்வளவுதான். அந்த அற்பக் காரணத்தை ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் மைசூர் நகரப் பேருந்தில் போனதுண்டா? முன்பாதி பெண்களுக்கு. காலை எட்டரைக்கு ஹெப்பாள் பக்கம் போகும் வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. அப்போது எங்களுக்குள் ஒரு வழக்கம். உட்கார இடம் கிடைத்தவள், நிற்பவளின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை. மூன்று பைகளுக்குப் பின்னால் முகமே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை அந்த வண்டியில் தினமும் பார்க்கலாம்.

எனக்கு இதைத் தொடங்கி வைத்தவள் ஒரு பூக்காரி. நான் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காய்ச்சலோடு நின்றுகொண்டிருந்தேன். தேவராஜ மொஹல்லாவில் ஏறி உட்கார இடம் பிடித்தவள், காலுக்கிடையில் தன் பூக்கூடை இருந்தும், என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது நன்றி சொன்னேன். "நனகல்ல... முந்தே யாரிகாத்ரு மாடி" என்றாள். எனக்கு வேண்டாம், இனிமேல் வேறு யாருக்காவது செய் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

செய்தேன். அது பொய்யில்லை. உட்கார இடம் கிடைத்த ஒரு நாள்கூடப் பை வாங்காமல் போனதில்லை. "பேக் கொடி", பையைக் கொடுங்கள் என்று கையை நீட்டிவிடுவேன்.

ஆனால் என் புத்தி இருக்கிறதே... அது சும்மா இருக்காது! ஒரு பை மடியில் இறங்கியதும் ஊகம் தொடங்கிவிடும். அடியில் சூடு தெரிந்தால் சாப்பாட்டு டப்பா. மணத்தை வைத்துக் குழம்பா பிரியாணியா என்று சொல்லிவிடுவேன். சரசரத்தால் மருந்துச் சீட்டு. கனமாகவும் மெத்தென்றும் இருந்தால் தைக்கக் கொடுக்கும் துணி. தொழிற்சாலையில் என் வேலையும் அதுதான். ஒட்டி முத்திரை வைத்த பெட்டிகளில் ஒன்றை உருவி, பிரித்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. மூடியிருப்பதைத் திறப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அது ஒரு சாக்கா? இல்லைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது அசிங்கம் இது. ரயில்வே வேலைக்காக அப்பா இங்கே வந்தவர், வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான். பேருந்தில் மட்டும் நான் கன்னடத்தைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டேன். பயத்தினால் அல்ல. யாருக்கும் புரியாது என்று நினைத்துத் தமிழர்கள் பேசுவார்கள் பாருங்கள்... மாமியாரை, மேலாளரை, மருமகனை! அதைக் கேட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதில் எனக்கு அப்படியொரு ருசி.

அன்றைக்கு ஏறிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சாம்பல் நிறப் பை. கையை நீட்டினேன். கொடுத்தாள். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு போனில் பேசத் தொடங்கினாள்.

"பஸ்ஸேறிட்டனுங்ப்பா. எல்லாம் பைக்குள்ள பத்தரமா இருக்குதுங். ஒரிஜினல்தானுங், அத்தனையும். நீங்க வெசனப்படாதீங்க."

கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்! எந்த ஊர்? ஹனூரா? என்ன வேலை? எதன் ஒரிஜினல்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். தமிழில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் முகமெல்லாம் சிரிப்பாக ஊர்க்கதை முழுவதையும் கொட்டியிருப்பாள். ஆனால் கேட்டால், இவ்வளவு நேரம் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடுமே... அதனால் கேட்கவில்லை. ஜிப்பைத் திறந்தேன்.

முதலில் ஓரங்குலம்தான். பிறகு கை போகும் அளவுக்கு. அவள் முதுகு என் பக்கம் இருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதன் பட்டனை விரலாலேயே நெம்பி, மேலே இருந்த தாளை உருவினேன். பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டு. பெயர் கௌசல்யா. ஊர் நான் நினைத்த ஹனூர் பக்கம்தான். எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா! ஊகம் பலித்துவிட்டதாம்!

தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தீற்றியிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்திருக்கிறார்கள். அது என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

அவள் திரும்பினாள். சட்டென்று தாளை என் சாப்பாட்டுப் பைக்கு அடியில் தள்ளினேன். அதற்குள் அவள் இறங்கும் இடமும் வந்துவிட்டது. கூட்டத்தைப் பிளந்து இறங்கியவள் ஜன்னலுக்கு வெளியே வந்து, "அக்கா, பேக் கொடி" என்று கையை உயர்த்தினாள். ஜிப்பை இழுத்து மூடி, பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். சிரித்துவிட்டுப் போனாள். விசில் ஊதினார்கள். வண்டி நகர்ந்தது.

தாள் என் மடியில் இருந்தது.

கத்தியிருக்கலாம். "நில்சி" என்று ஒரு குரல் கொடுத்தால் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் மூடிய பைக்குள் இருந்த தாள் உன் மடிக்கு எப்படி வந்தது என்று அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்களே! தினமும் என்னோடு வருகிறவர்கள். என்னை நல்லவள் என்று நினைப்பவர்கள்.

மூன்று நிறுத்தங்கள் போயின. முதல் நிறுத்தத்தில், இதை இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்! இரண்டாவதில், கண்டக்டரிடம் கொடுத்து, கீழே கிடந்தது என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மூன்றாவதில் கட்டைவிரல் மஞ்சளைப் புடவையில் துடைத்தேன், போகவில்லை. எழுந்து இறங்கிவிட்டேன்.

அவள் இறங்கிய இடத்துக்கு எதிரே ஓர் அலுவலகம் உண்டு, ஒரிஜினல்களோடு வந்தவள் அங்கேதான் போயிருப்பாள். ஆட்டோ பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தபோது அரைமணி நேரம் ஆகியிருந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு நின்ற வரிசையை விட்டு விலகி, வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பையைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். சீப்பு, தண்ணீர் பாட்டில், இலையில் கட்டிய சோறு எல்லாம் தரையில் கிடந்தன. போனைக் காதில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"நாந்தானுங்ப்பா... நாந்தான் ஜிப்பச் சரியாப் போடல போல... கவனமில்லாமப் போச்சுங்ப்பா..."

வேண்டிய வாக்கியம் என் வாயில்தான் இருந்தது. நீ இல்லையம்மா, நான். சொல்ல இதைவிட வசதியான நேரம் எனக்கு இனி வாய்க்காது.

"இது உன்னுதாம்மா? பஸ்ல கெடந்தது" என்றேன். பதற்றத்தில் தமிழே வந்துவிட்டது.

"அக்கா... நீங்க தமிழுங்களா!" என்றாள். தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள், சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். போனை என் கையில் திணித்தாள். முகம் தெரியாத அந்தத் தகப்பன், "எம்புள்ளைக்காவ எறங்கி வந்தீங்களா... நீங்க நல்லா இருக்கோணுமுங்" என்றார். அந்த வாழ்த்தை நான் வாங்கிக்கொண்டேன்! பரவாயில்லை என்றுகூடச் சொன்னேன். போதாததற்கு, பூக்காரி என்னிடம் சொன்னதையும் அவளிடம் சொல்லிவைத்தேன். எனக்கு வேண்டாம், இனிமேல் வேறு யாருக்காவது செய். எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மைசூரிலேயே விடுதி எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போனால் எனக்கென்று ஒரு பை நிறைய மாம்பழமோ தேனோ வரும். பேருந்தில் இடம் கிடைத்தால் எல்லோருடைய பையையும் வாங்கிக்கொள்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் என் கதையைச் சொல்கிறாள். ஓர் அக்கா, முன்பின் தெரியாதவர், வேலையை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்தார் என்று... அதைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் கையை நீட்டத் தொடங்கினார்களோ!

எனக்கு விளங்காததும் இதுதான். பூக்காரியின் நல்ல குணம் என் வழியாகத்தான் அவளுக்குப் போயிருக்கிறது. நடுவில் நான் அழுக்காக்கியது எங்கே போயிற்று? கரைந்துவிட்டதா, இல்லை யாரிடமாவது தங்கியிருக்கிறதா? இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

போன வாரம் விடை கிடைத்தது. நான் நின்றுகொண்டிருந்தேன், அவள் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, பையக் குடுங்க" என்று வாங்கி மடியில் வைத்தாள். நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஜிப் பாதி திறந்திருந்தது. பார்ப்பாளா? ஒரு கண்ணாவது உள்ளே போகுமா? பார்த்துவிடேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன் என்றால் நம்புவீர்களா!

அவள் பார்க்கவில்லை. ஜிப்பை இழுத்து மூடினாள். சற்றுப் பொறுத்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறையும்.

"ஏம்மா, மூணு வாட்டி?" என்றேன்.

"அன்னைலருந்து இப்படித்தானுங்கக்கா. படுத்ததுக்கப்பறங்கூட எந்திரிச்சு பைய இழுத்துப் பாப்பேன். ஆபீஸ்ல ஒரு தாளக் கையில குடுத்தாங்கன்னா ஒதறலெடுக்கும். நாந்தான் கவனங்கெட்டவளாச்சே!" என்று சிரித்தாள்.

நான் இறங்கும் இடம் வந்தது. இறங்கி ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் பையை நீட்டினாள். வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நான்கு சொற்கள் போதும்.

"பாத்துப் போங்கக்கா" என்றாள்.

தலையை ஆட்டினேன். வண்டி போய்விட்டது.

நீ சரியாகத்தான் மூடியிருந்தாய், கௌசல்யா. இதை உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவளிடம் இன்னும் சொல்லவில்லை.