சுந்தரவல்லி டீச்சரின் தட்டுக்கழி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எழுந்து போங்கள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாயை மூடு என்று சொல்கிறவள்தான் நானும். இது நடந்தது ராத்திரியில்கூட இல்லை. கடலூரில் என் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பன்னிரண்டு பிள்ளைகள் பார்க்க நடந்தது.

எனக்குப் பரதம் கற்றுக்கொடுத்தவர் சிதம்பரத்தில் இருந்த சுந்தரவல்லி டீச்சர். அவரிடம் படித்தவர்கள் இன்று எந்தெந்த நாட்டிலோ மேடை ஏறுகிறார்கள், எல்லோர் முழங்காலுக்குக் கீழும் தழும்பு இருக்கும். பலகையில் தாளம் தட்டுகிற கழி, கால் கொஞ்சம் பிந்தினால் போதும், பறந்து வந்து எலும்பில் விழும். கழி நிற்கும்வரை ஆடுகிறவள் நிற்கக் கூடாது, ரத்தம் வந்தாலும் சரி. அவர்மேல் எனக்கு எவ்வளவு பக்தியோ அவ்வளவு வெறுப்பு. அதனாலேயே என் வகுப்பில் ஒரு பிள்ளையையும் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். என் மகள் கயலை, பதினொரு வயது அவளுக்கு, நான் அதட்டியதுகூட இல்லை.

டீச்சர் போன வருஷம் தவறிவிட்டார். அவர் கழியை அவருடைய தம்பி என்னிடம் கொடுத்தார். குருவின் கழி என்றால் பூஜையில் வைத்து, விழுந்து கும்பிட்டு, உத்தரவு கேட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும், எங்களில் அதுதான் முறை. அன்றைக்கு வகுப்பு நடுவில் என் கழி பிளந்துபோனது. அவசரத்தில் அலமாரியிலிருந்த டீச்சருடையதை எடுத்துத் தட்டிவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் ஏறியது. நான் ஏற்றவில்லை. நிறுத்தப் பார்த்தால் விரல் பிரியவில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே ஆடுகிறார்கள். முன்வரிசையில் கயல் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். கழி பறந்தது. சுள்ளி முறிவது போல ஒரு சத்தம், அவள் விழுந்தாள், நான் எழுந்து போய்க் கழியைப் பொறுக்கி அதே இடத்தில் மறுபடி அடித்தேன், மறுபடி, மறுபடி, தரையெல்லாம் ரத்தம், "நான் கழிய நிறுத்துனனாடி?" என்று என் வாய் கேட்கிறது, உள்ளே நான் ஐயோ ஐயோ என்று கதறுகிறேன், அது வெளியே வரவில்லை.

வகுப்பிலிருந்த தன் மகளை அழைத்துப்போக வந்த எதிர்வீட்டு ஷமீம்தான் என்னைத் தரையில் தள்ளினாள்.

"பெத்த புள்ளைய கொன்னுடுவியா? வுடுக்கா! வுடு!"

கழி கையைவிட்டுப் போன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இது இன்னிக்கு ஒடஞ்சது. பக்கத்துல ரெண்டு முறிவு எப்பவோ ஒடஞ்சு தானா சேந்திருக்கே, கட்டு போடலியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, அவ வுழுந்ததே இல்லீங்க" என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு கயலிடம் குனிந்தார்.

"அம்மா இதுக்கு முன்னயும் அடிச்சிருக்காளாம்மா?"

"ஆமாப்பா. இதே கால்லதான். ஆட்டத்த நிறுத்துனா அடிக்கும்."

இப்போது அவள் புவனகிரியில் அத்தை வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்க்க விடுவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாளுக்கு முன் நான் அவள்மேல் கை ஓங்கியதில்லை. கயலும் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.