இஞ்சினை அணைத்த ஜீப்

இன்று காலை குமுளியிலிருந்து கம்பத்துக்கு ஜீப்பில் இறங்கினேன். பாதி மலையில் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார்.

"ஏண்ணே, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார், என் பக்கத்தில் இருந்த, தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அக்கா.

"பெட்ரோல் விக்கிற விலையில இறக்கத்துக்கு எதுக்கும்மா இஞ்சின்? வண்டி தானா உருளும்."

கட்டணம் ஏறாமல் இருந்தால் போதும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அடுத்த வளைவில் எதிரே பஸ் வந்தது. இஞ்சினின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டுமே அழுத்தி இறங்கியதில் அது சூடேறிப் பிடிக்கவில்லை. டிரைவர் ஜீப்பை மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் மோதி நிறுத்தினார்.

அக்காவின் வலது கை முறிந்துவிட்டது.

"கொழுந்து கிள்ளுற கைண்ணே" என்று மட்டும் சொன்னார். டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன்.

அடுத்த வாரமும் நான் இதே மலையை இறங்க வேண்டும். இஞ்சினை அணைக்காத டிரைவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். கூடுதலாகவே கொடுக்கிறேன்.