கிணற்றுக்குப் பக்கத்துக் குழி

என் கையெழுத்தும் மோசம், எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். என் மனைவியின் தம்பி ஒரே வளவுக் காணியை மூன்று மகள்மாருக்கும் துண்டு போட்டு வீடு கட்டினான். வீட்டு முகப்பில் பளபளக்கும் மாபிள் கல். பின்னால், கடைசி மகளின் கிணற்றுக்குப் பதினைந்தடி தள்ளி மலசலகூடக் குழி.

“மச்சான், இது மணல் தரை. குழித்தண்ணி கிணத்துக்கு வரும்,” என்றேன் மெதுவாக.

“அஞ்சாம் வகுப்பு இஞ்சினியர் கதைக்கிறார், கேளுங்க!” என்று மேசன்மாரிடம் சிரித்தான்.

இப்போது அந்த மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, புட்டிப்பால்தான். சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு, நைத்திரேற்று என்ற உப்பு கூடுதல், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் அது போகாது என்றார். அவர் போனதும் படித்த மச்சான், “கொதிக்க வச்சாச் சரி,” என்று வீட்டாருக்கு வகுப்பெடுத்தான். கிருமிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாத பெரிய மனிதன்!

இன்று காலை அவன் கண் முன்னாலேயே கேத்தலில் கொதிக்க வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினேன். பிள்ளை பெற்ற மருமகளிடம் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரைக் கொடுத்து, “இதுலதான் பால் கரைக்கணும்,” என்று சத்தமாகவே சொன்னேன். மச்சான் சிரிக்கவில்லை.

09.08.2024, வெள்ளிக்கிழமை.